காலை புரொடக்‌ஷன் மீட்டிங் ஒன்றரை மணி நேரம் இழுக்குது, எப்படிங்க குறைக்கிறது?

பிளானிங், திருப்பூர்:
பனியன் எக்ஸ்போர்ட் யூனிட், 4 லைன். 9 மணிக்கு, பையர்கிட்ட ஆர்டர் விஷயம் பேசுற மெர்ச்சண்டைசர்ல இருந்து பேக்கிங் வரைக்கும் எல்லாரும் உக்காந்து, நேத்து ஓடுன கணக்கை ஒவ்வொருத்தரா வாசிக்கிறாங்க. சாயப்பட்டறையில இருந்து துணி வரலைன்னு பேச்சு வந்துட்டா, யார் மேல தப்புங்கிறதிலயே நேரம் போயிருது. மறுநாளும் அதேதான். என்ன பண்ணலாமுங்க?

ஃபேக்டரி மேனேஜர், பெருமாநல்லூர்:
வாசிக்கிறதை மொதல்ல நிறுத்துங்க தம்பி. ஸ்டைல் வாரியா ஒரு போர்டு போட்டு ஆர்டர் பீஸ், வந்த துணி கிலோ, கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், ஷிப்மென்ட் தேதி எல்லாம் 8.45-க்குள்ள அவங்கவங்க எழுதிரோணும். 9 மணிக்கு அது முன்னாடி நின்னுக்கிட்டே 20 நிமிசம். பின்தங்குன ஸ்டைலை மட்டும், தேதி நெருங்குன வரிசையில பேசுங்க.

அப்புறம், 'துணி வரலை'ன்னா எங்க நிக்குதுன்னு தெரியோணும். லேப் டிப்புக்கு (பையருக்கு அனுப்புற கலர் சாம்பிள்) அப்ரூவல் வரலையா, டையிங் மெஷின் கிடைக்கலையா, ஷேடு மாறி ரீடையிங் போயிருக்கா, காம்பாக்டிங்ல (துணி பின்னாடி சுருங்காம இருக்க மெஷின்ல அமுக்கி எடுக்கிற வேலை) கெடக்குதா? நாலுக்கும் ஆள் வேற, வேலை வேற. லேப் டிப்னா மெர்ச்சண்டைசர் பையரை விரட்டோணும். காம்பாக்டிங்னா ஃபேப்ரிக் ஆள் நேர்ல போய் நிக்கோணும். 8.30-க்கே பட்டறைக்குப் போன் போட்டு இதைக் கேட்டு போர்டுல எழுதிட்டா, மீட்டிங்ல சண்டைக்கு இடமே இல்ல.

குவாலிட்டி, காங்கேயம் ரோடு:
அண்ணன் சொன்னதோட, ஒவ்வொரு முடிவுக்கும் ஒரே ஆள் பேரு, ஒரே நேரம் எழுதுங்க. 'கட்டிங் டிபார்ட்மென்ட்'னு எழுதுனா யாரும் செய்ய மாட்டாங்க.

அளவு, டிரிம்ஸ் (பட்டன், லேபிள் மாதிரி), தையல் முறை எல்லாம் கட்டிங்குக்கு முன்னாடி அந்த ஸ்டைலோட பிபி மீட்டிங்ல (உற்பத்திக்கு முந்தின மீட்டிங்), அப்ரூவல் சாம்பிளைக் கையில வெச்சுப் பேசோணும், காலையில வேண்டாம். லைக்ரா ஜெர்சியை (இழுபடுற துணி) பிரிச்சுப் போட்டு 24 மணி நேரமாவது அப்படியே விட்டு ரிலாக்ஸ் பண்ணோணும். அதுக்குப் போர்டுல தனிக் கட்டம் போடுங்க. இல்லைன்னா துணி வந்த அன்னிக்கே வெட்டச் சொல்லுவாங்க. அப்புறம் துணி சுருங்கி, அளவு குறைஞ்சு செக்கிங்ல மாட்டும்.

பிளானிங், திருப்பூர்:
முதலாளி உக்காந்தா எல்லாரும் பிரச்சினையை மறைக்கிறாங்களே, அதுக்கு?

ஃபேக்டரி மேனேஜர், பெருமாநல்லூர்:
அவரை 9.20-க்கு வரச் சொல்லுங்க. ஏர் ஷிப்மென்ட், வெளி யூனிட்டுக்கு ஜாப் ஒர்க் கொடுக்கிறது, பையர் கேக்குற டிஸ்கவுண்ட்னு அவர் சொன்னாத்தான் ஆகுங்கிறதை மட்டும் அவர்கிட்ட வைங்க. திங்கட்கிழமை போர்டை மட்டும் சனிக்கிழமை சாயந்திரமே எழுத வெச்சிருங்க. லீவு முடிஞ்சு லைனுக்கு எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு எண்ணவே சூப்பர்வைசருக்கு நேரம் பத்தாது.