மூட்டையில் சும்மா கிடக்கும் யூரியாவுக்கு வயலில் மட்டும் ஏன் இந்த வேகம்?

வடவாற்றுக்கரை, மன்னார்குடி:
குறுவைக்கு மேலுரம் போட்டேன். வயலில் தண்ணீர் நின்றது. இரண்டு மூன்று நாளில் வரப்பில் நடந்தால் அமோனியா நெடி. அதே யூரியா மூட்டையில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. வாளித் தண்ணீரில் கரைத்து வைத்தாலும் நெடி இல்லை. வெயில்தான் காரணமென்றால் வாளியும் அதே வெயிலில்தானே இருந்தது? பிளஸ் டூ படிக்கும் மகள் 'வினைவேகமாற்றி' என்கிறாள். அதை வயலில் போட்டது யார்?

வேதியியல் டீச்சர், கும்பகோணம்:
மகள் சொன்னது சரி ஐயா. போட்டவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள். அவை சுரக்கும் நொதிதான், அதாவது உயிர்கள் உண்டாக்கும் வினைவேகமாற்றிதான் அது. அதற்கு யூரியேஸ் என்று பெயர். யூரியா தண்ணீரோடு வினைபுரிந்து அமோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் ஆக வேண்டும். ஆனால் அதற்கு முதலில் ஓரளவு கிளர்வு ஆற்றல், அதாவது வினை தொடங்குவதற்கான ஆற்றல் தேவை. நம் வெயிலில் அந்த அளவை எட்டும் மூலக்கூறுகள் மிகச் சொற்பம், அதனால் உங்கள் வாளியில் அது நடக்க வருடக்கணக்காகும். யூரியேஸ் ஆற்றல் எதையும் கொடுப்பதில்லை. தன்னிடமுள்ள இரண்டு நிக்கல் அணுக்களில் யூரியாவையும் தண்ணீரையும் பக்கம் பக்கமாகப் பிடித்து, குறைந்த ஆற்றலிலேயே வினை முடிகிற வேறு வழியைத் திறந்துவிடுகிறது. முடிந்ததும் விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கும். தான் தீர்ந்துபோவதில்லை, அதனால் துளி இருந்தாலே போதும். வேகம் கோடி கோடி மடங்கு கூடும் என்பது கணக்கு.

1926இல் அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் சம்னர் இதே யூரியேஸைத்தான் அவரைக்காய் இனத்து விதை ஒன்றிலிருந்து படிகமாகப் பிரித்தார். முதன்முதலில் படிகமாக்கப்பட்ட நொதி அது. 1946இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மகளோடு செய்து பாருங்கள். இரண்டு டம்ளரில் யூரியாக் கரைசல். ஒன்றில் பச்சை சோயாமாவு, மற்றதில் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்ட சோயாமாவு. கொஞ்ச நேரம் கழித்து மஞ்சள் தடவிய காகிதத்தை நனைத்தால் முதல் டம்ளரில் அமோனியாவின் காரத்தால் சிவக்கும். மற்றதில் மஞ்சளாகவே இருக்கும், ஏனென்றால் கொதியில் நொதியின் வடிவமே குலைந்துவிடும்.

திருத்துறைப்பூண்டி நெல்லு:
அப்போ வேப்பம்புண்ணாக்கு கலப்பது இந்த யூரியேஸை நிறுத்தவா? ஐந்து பங்கு யூரியா, நாலு ஜிப்சம், ஒரு பங்கு புண்ணாக்கு என்று கலந்து ராத்திரி வைத்துத்தான் நாங்கள் போடுகிறோம்.

வேதியியல் டீச்சர், கும்பகோணம்:
நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் வேம்பின் முக்கிய வேலை அடுத்த கட்டத்தில். அமோனியா தண்ணீரில் அமோனியமாக மாறும். அந்த அமோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவை அது மந்தமாக்கும். சேற்று வயலில் நைட்ரேட் நிலைக்காது, நைட்ரஜன் வாயுவாகப் போய்விடும். வடவாற்றுக்கரை ஐயா கேட்ட நெடி அதற்கு முந்தைய கட்டத்தில் வருவது. நிற்கிற தண்ணீரில் பாசி பகலில் காரத்தன்மையைக் கூட்டிவிடும், அமோனியா காற்றில் ஏறிவிடும். தண்ணீரை வடித்து, சேறு ஈரமாக இருக்கும்போது உரம் போட்டு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ தண்ணீர் கட்டுங்கள். அமோனியம் மண்ணில் ஒட்ட அவகாசம் கிடைக்கும்.

வடவாற்றுக்கரை, மன்னார்குடி:
சரிங்க டீச்சர். அடுத்த மேலுரத்துக்கு முதல் நாளே மடையைத் திறந்து வடித்துவிடுகிறேன். சோயாமாவுக்கு மகள் இப்போதே கடைக்குக் கிளம்பிவிட்டாள்.