கருமருந்துத் தோட்டாவில் காலி இடம் விடலாமா?

செம்பருந்து:
என் .45-70 துப்பாக்கி (0.45 அங்குலக் குண்டு, 70 கிரெயின் மருந்து; ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) தோளைப் பதம் பார்க்கிறது. அதனால் 70 கிரெயினுக்குப் பதில் 50 கிரெயின் கருமருந்து (புகை கக்கும் பழைய வகை வெடிமருந்து) போட்டு, மேலே ஈயக் குண்டை வைத்து மூடுகிறேன். நடுவில் கொஞ்சம் காலி இடம். இன்றைய புகையில்லா மருந்தில் தோட்டாவின் பித்தளைக் கூடு பாதி காலியாகத்தானே கிடக்கிறது? முப்பது தோட்டா சுட்டாயிற்று, ஒன்றும் ஆகவில்லை.

பழையகுழல்:
தம்பி, மீதியைச் சுடாதீர்கள். புகையில்லா மருந்தின் கணக்கைக் கருமருந்துக்குப் போடக் கூடாது. காலி இடம் விட்டால் குண்டின் அடிப்பக்கம் நிற்கும் இடத்தில் குழல் வளையமாக உப்பலாம். எனக்கு நடந்திருக்கிறது. சுட்ட கூடு வெளியே வர மறுத்தது. தள்ளி எடுத்துவிட்டு உள்ளே விளக்கு அடித்துப் பார்த்தால், மோதிரம் போல ஒரு கறுப்பு நிழல். துடைத்தேன், போகவில்லை. அது அழுக்கு இல்லை, இரும்பே விரிந்திருந்தது.

செம்பருந்து:
அண்ணா, 1870-களில் அமெரிக்கக் குதிரைப்படைக்கு இதே கூட்டில் 55 கிரெயின் போட்டுத்தானே கொடுத்தார்கள்? அவர்கள் குழல் எல்லாம் உப்பியதா?

பழையகுழல்:
கொடுத்தார்கள், ஆனால் மிச்ச இடத்தை அட்டை வைத்து அடைத்தார்கள். காலியாக விடவில்லை. உங்கள் வாதம் அங்கேதான் உடைகிறது.

ஈயஉருக்கி:
நான் இருவரோடும் ஒத்துப்போகவில்லை. அட்டையை மருந்தின் மேல் அழுத்திவிட்டு, அதற்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டால் அதுவும் ஆபத்துதான். அடைப்பு குண்டின் அடிவரை முட்ட வேண்டும். கழுத்து குறுகாத நேர்க்கூடான .45-70-க்கு அடைப்பாக மக்காச்சோள மாவு சரிப்படும். மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய பிரிட்டிஷ் துப்பாக்கியின் .577/450 தோட்டா போலக் கழுத்து குறுகிய கூட்டில் மாவு இறுகி நிற்கும் என்பதால் நான் போடமாட்டேன்.

அப்புறம், மருந்தை ஏன் குறைக்க வேண்டும்? 405 கிரெயின் குண்டுக்குப் பதில் 300 போடுங்கள், உதை தானே குறையும். கூட்டை மருந்தால் நிரப்பி, நீளக் குழாய் வழியாக மெல்ல ஊற்றினால் அது படிந்து உட்காரும். இன்றைய கூட்டின் அடி தடிமன் என்பதால் 70 கிரெயின் அப்படி ஊற்றி, அழுத்தினால்தான் கொள்ளும்.

பழையகுழல்:
300-க்கு இறங்கினால் தூர இலக்கில் துல்லியம் போகும். மாவே மேல் என்பேன்.

செம்பருந்து:
நூறு கெஜத்துக்கு மேல் நான் சுடுவதில்லை, 300 எனக்குப் போதும். மீதி இருபது தோட்டாவிலும் குண்டைப் பிடுங்கிவிட்டேன். குழலுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தேன், நிழல் இல்லை.