ஸ்வீடனுக்கு இனவெறி அறிவியலைச் சொல்லிக்கொடுத்தது ஹிட்லரா?

வடமலை: வட ஸ்காண்டிநேவியாவின் பழங்குடிகளான சாமி மக்களின் மண்டையை அளந்தது "நாஜிகளிடமிருந்து ஸ்வீடனுக்குத் தொற்றியது" என்று இளவழகன் எழுதியிருக்கிறார். தவறு. மனிதர்களை இனவாரியாக அளந்து தரம் பிரித்த அரசு இன உயிரியல் நிறுவனம் ஸ்வீடனின் உப்சாலா நகரில் தொடங்கியது 1922இல். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது 1933இல்.

இளவழகன்: நான் பேசியது ஜெர்மன் சிந்தனையின் தாக்கத்தை. ஆண்டைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

வடமலை: ஆண்டுதான் இங்கே விஷயமே. ஸ்வீடன் நாடாளுமன்றத்தில் வலதுசாரிகளும் சமூக ஜனநாயகவாதிகளும் சேர்ந்து ஆதரித்த நிறுவனம் அது. ஜெர்மனியில் அதே போன்ற ஆய்வுக்கான கைசர் வில்ஹெல்ம் மானுடவியல் நிறுவனம் பெர்லினில் வந்தது 1927இல்தான். பிறகு நாஜிகள் கொண்டாடிய ஜெர்மன் இனக்கோட்பாட்டாளர் ஹான்ஸ் குந்தரே உப்சாலாவுக்குப் போனவர். யார் யாரிடம் படித்தது?

மருத்துவன்87: உப்சாலா நிறுவனத்தின் தலைவர் ஹெர்மன் லுண்ட்போர்க் ஒரு மருத்துவர். வலிப்பு பற்றிய அவருடைய ஆய்வால்தான் இன்றும் உன்வெரிக்ட்-லுண்ட்போர்க் நோய் என்று படிக்கிறோம். அதையும் தூக்கி எறிவதா?

வடமலை: எறியச் சொன்னது யார்? அந்த வலிப்பு பரம்பரையாக வந்த குடும்பத்தைப் பற்றி 1913இல் எழுதிய நூலிலேயே ஒரு கிராமத்துப் பரம்பரையைச் சீரழிந்தது என்று தீர்ப்பெழுதினார். அப்புறம் வடக்கே போய் சாமிகளை நிர்வாணமாக நிறுத்திப் படமெடுத்தார், பள்ளிப் பிள்ளைகளின் தலையை அளந்தார். இதுவா வைத்தியம்?

மருத்துவன்87: மருத்துவர்கள் எல்லாரையும் குற்றவாளியாக்குவது உங்கள் பழைய பழக்கம்.

பூங்கொடி: 1934இல் ஸ்வீடனில் கருத்தடை அறுவைச் சட்டம் வந்தது. 1975 வரை சுமார் 63,000 பேருக்கு அறுவை நடந்தது, பெரும்பாலும் பெண்கள், பலருக்குக் கட்டாயத்தின் பேரில். அதை விட்டுவிட்டு ஆண்டுக்குச் சண்டையா?

இளவழகன்: பார்த்தீர்களா, 1934! ஜெர்மன் சட்டம் 1933. நான் சொன்னதுதான்.

வடமலை: டென்மார்க் 1929இலேயே சட்டம் போட்டது. அதுவும் ஹிட்லர் சொல்லியா? திரும்பவும் சொல்கிறேன், 1922.

இளவழகன்: போன மாதம் சோழர் காசு விவாதத்திலும் இப்படித்தான் ஒரே எண்ணைச் சொல்லி எல்லாரையும் விரட்டினீர்கள்.

வடமலை: அதில் நான் சொன்னதுதான் சரி. இங்கேயும் சரி. ஹிட்லர் செத்த பிறகு, 1950களில், வட ஸ்வீடனின் லிக்செலேயில் சாமிக் கல்லறையைத் தோண்டி மண்டைகளை எடுத்துப் போனார்கள். 25 பேரின் எச்சங்களைத் திரும்பப் புதைக்க 2019 ஆனது. இதையும் ஜெர்மனி தலையில் கட்டுவீர்களா?

இளவழகன்: அது தொல்லியல். வேறு விஷயம்.

வடமலை: கல்லறைக்கு உரியவர்களிடம் போய் வேறு விஷயம் என்று சொல்லுங்கள். முதலில் 1922க்குப் பதில் வரட்டும்.