முள்ளில்லாத கள்ளியைத்தான் நம்பக் கூடாது

கதிர்: [போட்டோ] அத்தை, இது சமைக்கிற கள்ளிதானே? வெட்டட்டுமா?

மீனாட்சி அத்தை: வெட்டாதே. தண்டில் நெடுக விளிம்பு விளிம்பாக மேடு தெரிகிறது, முட்கள் இரண்டிரண்டாக நிற்கின்றன. இது கள்ளிப்பால் வடிக்கும் செடி. அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சமைப்பது சப்பாத்திக்கள்ளி, தட்டையான மடல்கள் ஒன்றின் தலையில் ஒன்று முளைத்திருக்கும்.

கதிர்: கீறிப் பார்த்து, பால் வராவிட்டால் சாப்பிடலாமா?

மீனாட்சி அத்தை: பால் வந்தால் வேண்டாம், அது உறுதி. வராததெல்லாம் உணவு என்று நினைத்துவிடாதே. செடிகளை அறிந்த ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். களைக்கொல்லி தெளித்த இடமாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதே.

வாணி: எங்களிடம் இருப்பது சப்பாத்திக்கள்ளியேதான் அத்தை, தோட்டக்கலை படித்த தோழி பார்த்துவிட்டாள். பெரிய முள் ஒன்றுகூட இல்லை. வெறும் கையால் பறிக்கலாம் அல்லவா?

மீனாட்சி அத்தை: ஐயோ, கூடாது! மடலில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அங்கெல்லாம் மெல்லிய மயிர் போன்ற நுண்முட்கள் கொத்தாக இருக்கும். தொட்டாலே கழன்று வந்து தோலில் ஏறிவிடும். நுனியில் பின்னோக்கிய கொக்கிகள் வேறு. பெரிய முள்ளாவது கண்ணுக்குத் தெரியும், பிடுங்கி எறியலாம்.

சுந்தரம் மாமா: துணிக் கையுறை போட்டுக்கொண்டால் போதாதா?

மீனாட்சி அத்தை: உங்களுக்கு இப்படித்தான் யோசனை வரும்! துணியில் முள் தங்கி, அடுத்த முறை உள்ளேயிருந்து குத்தும். நீளமான இடுக்கியால் மடலைப் பிடித்து, கணுவுக்குச் சற்று மேலே கத்தியால் அறுக்க வேண்டும். தடித்த தோல் கையுறை இருந்தாலும் இடுக்கியை விடாதீர்கள்.

வாணி: எந்த மடல் நல்லது?

மீனாட்சி அத்தை: உள்ளங்கை அளவில் பளபளவென்று இருக்கும் இளசு. முற்றியது நார். பிற்பகலில் பறி. இந்தச் செடி இரவில் காற்றை இழுத்து அமிலமாகச் சேர்த்துவைக்கும், பகல் வெயிலில் அதைச் செலவழிக்கும். அதனால் காலையில் பறித்தது நன்றாகப் புளிக்கும்.

கதிர்: புளிப்பு எனக்குப் பிடிக்கும்!

மீனாட்சி அத்தை: உனக்கு முதலில் செடி கிடைக்கட்டும். வாணி, மடலை முள்கரண்டியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓடும் தண்ணீரில் புள்ளிகளைக் கத்தியால் சுரண்டு. சுற்று விளிம்பை முழுதாகச் சீவி எறிந்துவிடு, முள் அங்கேதான் நெருக்கமாக இருக்கும். பிறகு துண்டுகளாக்கி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் வேகவைத்து வடித்துவிடு. வெண்டைக்காய் போலக் கொழகொழப்பு வரும், பயப்படாதே. வாணலியில் சுருள வதக்கினால் அதுவும் போய்விடும்.

வாணி: அத்தை, இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே சின்னவன் பழத்தைத் தொட்டுவிட்டான். விரலெல்லாம் குத்துகிறது என்று அழுகிறான்.

மீனாட்சி அத்தை: தேய்க்க விடாதே. வாயில் வைக்கவும் கண்ணைக் கசக்கவும் விடாதே. விளக்கடியில் உட்காரவைத்து, புருவம் திருத்தும் இடுக்கியால் தெரிவதையெல்லாம் எடு. மிச்சத்துக்குக் காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசையைத் தடவி, மேலே காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை வைத்து, நன்றாகக் காய்ந்ததும் உரி. உடனடியாக ஒட்டும் பசை வேண்டவே வேண்டாம். இரண்டொரு நாளில் வீங்கிச் சிவந்தால் மருத்துவரிடம் போ.

சுந்தரம் மாமா: பழத்தையும் இப்படிச் சுரண்ட வேண்டுமா?

மீனாட்சி அத்தை: இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் திருப்பித் திருப்பிக் காட்டினால் நுண்முள் கருகிவிடும். கழுவி, இரு முனையையும் வெட்டி, நெடுக ஒரு கீறல் போட்டால் தோல் தனியாக வந்துவிடும். விதை கல் மாதிரி இருக்கும். நிறைய விழுங்கினால் குடலில் கட்டிக்கொள்ளும், வடிகட்டிச் சாறாகக் குடியுங்கள். சிவப்புப் பழம் என்றால் மறுநாள் சிறுநீர் சிவந்திருக்கலாம், அதற்காக என்னை எழுப்ப வேண்டாம்.

சுந்தரம் மாமா: சர்க்கரைக்கு நல்லதாமே. இனி தினமும் ஒரு கிண்ணம் சாப்பிடலாம் என்றிருக்கிறேன்.

மீனாட்சி அத்தை: ஏற்கெனவே மாத்திரை போடுகிறீர்கள். கள்ளியும் சர்க்கரையைக் குறைக்கக்கூடும், இரண்டும் சேர்ந்தால் அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். மருத்துவரைக் கேட்காமல் கிண்ணத்தைத் தொடாதீர்கள்.

வாணி: பசை காய்ந்துகொண்டிருக்கிறது அத்தை. அவன் இப்போது அந்தப் பழம் எப்போது கிடைக்கும் என்று கேட்கிறான்.