புதுப்பிப்பு: குரோஷே பொம்மை ஆர்டர்களும் வீடும் – எது கைகொடுத்தது

இரண்டு மாதம் முன்பு புலம்பியிருந்தேன்: குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூலில் பின்னும் பொம்மை ஆர்டர்களை முடிக்க நள்ளிரவு வரை ஊசியும் கையுமாக இருக்கிறேன், மகள் கூப்பிட்டால் "இரு, ஸ்டிச் எண்ணிட்டிருக்கேன்" என்பதுதான் பதில் என்று. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நேர அட்டவணை நான்கு நாள்கூடத் தாங்கவில்லை. கைகொடுத்தது, "பொம்மை பொம்மையாகப் போடாதீங்க, உறுப்பு உறுப்பாகப் போடுங்க" என்ற யோசனை. திங்களன்று 8 தலை, அடுத்து உடல்கள், பிறகு கை கால். சின்ன உறுப்பு சீக்கிரம் முடிவதால் நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிறது. ஒவ்வொரு சுற்றின் முதல் ஸ்டிச்சிலும் மார்க்கர் (அடையாளத்துக்கு மாட்டும் சின்னக் கொக்கி) மாட்டுகிறேன். மகள் குறுக்கே பேசினாலும் கணக்குத் தவறுவதில்லை. பேசுகிறாள், நிறையவே.

வாரம் 8 பொம்மைக்கு மேல் எடுப்பதில்லை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள், போகட்டும்.

எதிர்பாராதது நூல்தான். தலையை ஒரு உருண்டையிலும் உடலை இன்னொன்றிலும் போட்டேன். நிற எண் ஒன்றுதான், ஆனால் பக்கத்தில் வைத்தால் உடல் லேசாக மங்கல். லேபிளில் 'டை லாட்' என்று தனி எண் இருக்கும்; சாயமேற்றிய தொகுதி அது. மொத்தமாக வாங்கும்போது அதுவும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். நான் 3 உடலைப் பிரித்துத் திரும்பப் போட்டேன்.