நொய்யலில் வெள்ளம் போகுது, குளம் ஏன் நிரம்பலை?

சாவடிப்பாளையம்: கோவைப் பக்கம் மலையில நல்ல மழை. பேரூர் படித்துறையில தண்ணி இரு கரையும் தொட்டுப் போகுது. ஆனா கிருஷ்ணாம்பதி குளம் பாதிகூட நிரம்பலை. தண்ணி எந்த வழியா வரணும், எங்க தடுக்குது? பழைய காலத்துல இந்த ஆத்தை எதுக்குப் பயன்படுத்தினாங்க?

வாய்த்தலை: வெள்ளியங்கிரி அடிவாரத்து ஓடைகள் சேர்ந்து வர்ற காட்டாறுங்க இது. மழை விட்டா ரெண்டு மூணு நாள்ல வடிஞ்சுரும். (சிறுவாணித் தண்ணின்னு சிலர் நினைக்கிறாங்க. சிறுவாணி வேற ஆறு, அது பவானியில சேருது.) வெள்ளம் ஓடுற அந்த ரெண்டு நாள்ல பிடிக்கத்தான் அணைக்கட்டுகள். சித்திரைச்சாவடியில பிரியற வாய்க்கால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி குளம்னு போகும். மேல்குளம் நிரம்பிக் கலிங்கு (மிச்சத் தண்ணி வெளியேற்ற இடம்) வழிஞ்சாத்தான் கீழ்க்குளத்துக்குத் தண்ணி.

அணைக்கட்டுச் சுவர் குட்டையானது, தண்ணியைக் கொஞ்சந்தான் உயர்த்தும். வாய்த்தலை மதகுக்கு (வாய்க்கால் ஆத்துல இருந்து பிரியற இடத்து மதகு) முன்னாடி மணல் மேடு தட்டினா தண்ணி வாய்க்கால் பக்கம் திரும்பாம சுவர் மேல ஏறி ஆத்தோட போயிரும். முதல்ல அங்க பாருங்க. அடுத்து ரோட்டுக்கு அடியில போற குழாய்ப் பாலங்கள்: பிளாஸ்டிக்கும் ஆகாயத்தாமரையும் சிக்கிக்கிற இடம்.

கலிங்கு: தூர் வாரறப்ப வரிசை மாறக்கூடாது. வாய்க்காலை விட்டுட்டுக் குளத்தை மட்டும் தோண்டினா குழி ஆழமாகும், தண்ணி வராது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினது பாசனத்துக்கு ஆகாது, கிணத்துக்கு ஊறும், அவ்வளவுதான். கரைக்கு ஒட்டி மண் எடுத்தா கரையே சரியும். உக்கடம் பெரியகுளம் வேற கதை: சாக்கடை வருசம் பூரா வர்றதால வெள்ளம் வர்றப்ப இடமே இருக்காது. நிறைஞ்சு தெரியுதுன்னு ஆத்துத் தண்ணின்னு நம்பிராதீங்க.

பழங்கரை: பழைய பேரு காஞ்சிமாநதி. பாலக்காட்டுக் கணவாய் வழியா மேலைக் கடற்கரையில இருந்து கரூர் போன வணிகப் பாதை இந்தக் கரையை ஒட்டினதுதான். வடகரையில கொடுமணல்: அகழாய்வுல இரும்பு உருக்கின உலைகள், கல்மணி செய்த பட்டறைகள், தமிழி (பழைய தமிழ் எழுத்து) பொறிச்ச பானை ஓடுகள் கிடைச்சுது. பச்சைக்கல்லுக்குப் படியூர் பக்கத்துலயே இருந்தது.

ஆத்துல கீழே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்குக் கட்டினது. ஆனா அதுல தேங்கினது திருப்பூர் சாயக்கழிவு, அதுல உப்பு. சாயம் ஏறத் துணியோட போடுற உப்பு, கழிவுல இருந்து நிறத்தை எடுத்தாலும் தண்ணியை விட்டுப் போகாது, வண்டல் மாதிரி அடியிலயும் படியாது. அப்படியே கிணறுகளுக்கு இறங்கிருச்சு. 2011 ஜனவரியில உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அதனாலதான்.

சாவடிப்பாளையம்: அப்ப மதகுக்கு முன்னாடி மணலை எப்ப எடுக்கணும்?

வாய்த்தலை: சித்திரை, வைகாசில. ஆனி பிறந்தா தென்மேற்குப் பருவம் வந்துரும், மிஷின் உள்ள இறங்காது.