கண்டமேடையா, கடலடி நிலநீட்சியா? கடல் சட்டத்துக்கு ஒரு சொல்

குழுமத்தாருக்கு வணக்கம்.

கடல் சட்டத்தில் முதுமாணி ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் இலங்கைக்குள்ள கடலடி உரிமையே பொருள். ஆய்வேடு ஆங்கிலத்தில் போகிறது. ஆனால் விரிவான தமிழ்ச் சுருக்கம் ஒன்றை வாழைச்சேனை தொடங்கிப் பொத்துவில் வரையுள்ள மீனவர் சங்கங்களின் கையில் கொடுத்தே தீருவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஆள்புலக் கடல், பிரத்தியேக பொருளாதார வலயம், அடிக்கோடு, கடல் மைல் எல்லாம் சுருக்கத்தில் தடையின்றி அமர்ந்துவிட்டன. ஆங்கிலத்தில் 'கொன்டினென்டல் ஷெல்ஃப்' எனப்படுவதற்கு மட்டும் வழக்கிலுள்ள சொல்லை ஏற்க மனம் ஒப்பவில்லை.

வழக்கிலுள்ளது கண்டமேடை. தமிழகத்தார் கண்டத்திட்டு என்பர். புவியியலுக்கு இரண்டுமே பொருத்தமான சொற்கள். கரையிலிருந்து மெல்லச் சரிந்து, பொதுவாக 200 மீற்றர் ஆழத்துக்குள் முடியும் பரப்பு அது. அதற்கப்பால் கண்டச்சாய்வு கூடிய சரிவோடு இறங்குகிறது. சாய்வின் அடியில் கண்ட எழுச்சி, பிறகு ஆழ்கடற் சமவெளி.

சட்டம் சுட்டுவது இந்த மேடையை மட்டுமன்று. 1982ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் கடல் சட்டச் சமவாயத்தின் 76ஆம் உறுப்புரைப்படி, ஒரு நாட்டின் நிலப்பரப்பு கடலுக்கடியில் இயற்கையாக நீண்டு, கண்ட விளிம்பின் வெளியோரம் வரை செல்லும் கடற்படுக்கையும் அதன் கீழ்மண்ணும் இதற்குள் அடங்கும். விளிம்பு அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் 200 கடல் மைல் உறுதி. ஆக மேடை, சாய்வு, எழுச்சி மூன்றும் உள்ளே வந்துவிடுகின்றன. மூன்றில் ஒன்றின் பெயரை மூன்றுக்கும் சேர்த்து வைத்திருக்கிறோம்.

இந்தக் குழப்பம் ஆங்கிலத்திலிருந்து வந்தது. 1945இல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் கடலடி வளங்களுக்கு உரிமை கோரிப் பிரகடனம் செய்தபோது அவர் கையாண்டது புவியியலின் சொல். 1958ஆம் ஆண்டு ஜெனீவாச் சமவாயம் 200 மீற்றர் ஆழத்தையும், அதற்கப்பால் வளங்களை எடுக்க முடிந்த ஆழத்தையும் அளவாகக் கொண்டது. அதுவரை 'மேடை' ஓரளவு பொருந்தியது. 1982இல் பொருள் வேறாகிவிட்டது, சொல் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. 'கண்டம்' என்ற பகுதியும் நமக்கு இடறுகிறது. தீவுகளின் கரையோரக் கடலடிக்கும் இது பொருந்தும் என்று 1958ஆம் ஆண்டுச் சமவாயமே தனியாக எழுதிவைக்க வேண்டியிருந்தது.

வேறு கடலாக இருந்தால் நானும் இதை விட்டுவிட்டுப் போயிருப்பேன். நம் கிழக்குக் கடலில் விட முடியாது. இங்கே மேடை மிக ஒடுங்கியது. அதன் விளிம்பு தாண்டினால் கடல் மூவாயிரம் மீற்றருக்கும் கூடிய ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் அந்த ஆழத்தில் கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து சுமந்துவந்த அடையல் கிலோமீற்றர் கணக்கில் தடித்துக் கிடக்கிறது. நமது உரிமைக்கோரிக்கையின் உயிரே அந்த அடையலில்தான் இருக்கிறது. விளிம்பின் வெளியோரத்தை வரைய 76ஆம் உறுப்புரை தரும் பொதுவான கணக்குகளைப் போட்டால் நமது விளிம்பின் பாதிக்கு மேல் வெளியே போய்விடும் என்பதால்தான், 1980இல் ஒரு தனிப் புரிந்துணர்வுக் கூற்று ஏற்கப்பட்டு, சமவாயத்தை ஆக்கிய மாநாட்டின் இறுதி ஆவணத்தில் 2ஆம் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டது. அந்த மாநாட்டின் தலைவராக 1980இல் மறையும் வரை இருந்தவர் இலங்கையரான ஹமில்டன் ஷெர்லி அமரசிங்க. அந்தக் கூற்றுக்கு நிபந்தனைகள் உண்டு. 200 மீற்றர் ஆழக்கோடு சராசரியாக 20 கடல் மைலுக்குள் இருக்க வேண்டும். அடையற்பாறையின் பெரும்பகுதி எழுச்சியின் கீழ் கிடக்க வேண்டும். பொதுவான கணக்கில் வரையும் கோட்டின் வழியே அடையற்பாறையின் சராசரித் தடிப்பு 3.5 கிலோமீற்றருக்குக் குறையக் கூடாது. இவை பொருந்தினால், அடையற்பாறை 1 கிலோமீற்றருக்குக் குறையாத தடிப்புள்ள புள்ளிகளை இணைத்து வெளியோரத்தை வரையலாம். 2009 மே 8ஆம் திகதி இலங்கை இந்தக் கடலடி எல்லைகளை ஆராயும் ஐக்கிய நாடுகளின் ஆணைக்குழுவிடம் கையளித்த கோரிக்கை இதைப் பற்றிக்கொண்டே நிற்கிறது.

கூர்ந்து பாருங்கள். மேடை குறுகியது என்பதே நமது வாதம். அந்த வாதத்தால் கிடைக்கும் பெரும்பரப்புக்கும் 'மேடை' என்றே பெயர் வைத்தால், "கண்டமேடை ஒடுங்கியிருப்பதால் நமது கண்டமேடை விரிந்தது" என்று எழுத நேர்கிறது. என் முதல் வரைவில் இந்த வாக்கியம் வந்து நின்றபோதுதான் வேறு சொல் தேடத் தொடங்கினேன்.

வாழைச்சேனைத் துறைமுகத்தில் பலநாட் படகு ஓட்டும் ஒருவரிடம் ஆழப்படத்தை விரித்துக் காட்டினேன். 200 மீற்றர் கோட்டில் விரலை வைத்து, எத்தனை பாகம் (விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம்) என்று கேட்டார். ஏறத்தாழ நூற்றுப்பத்து என்றேன். இரு கைகளையும் அகல விரித்து, கயிறு இழுப்பதுபோல் மனதுக்குள் எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு வெளியோரக் கோட்டைக் காட்டி, அதுவும் கண்டமேடைதான் என்றேன். "அங்கே கயிறு தரையைத் தொடாதே மகள், அதை மேடை என்று யார் சொன்னது?" என்று கேட்டவர், அடுத்து இன்னொன்றும் கேட்டார்: "அவ்வளவு தூரம் நமக்கென்றால், அங்கே சூரை பிடிக்கிற வெளிநாட்டுப் படகை விரட்டலாமா?" முடியாது. 200 கடல் மைலுக்கு அப்பால் மேலேயுள்ள நீர் பெருங்கடல், எல்லோருக்கும் பொது. நமக்குரியது தரையும் அதன் கீழுள்ளதும், தரையோடு ஒட்டியே வாழும் உயிர்களும் மட்டுமே. புதிய சொல்லைப் பார்த்த உடனே இந்தக் கேள்விக்கு விடை தெரிய வேண்டும்.

என் முன்மொழிவு: சட்டப் பொருளுக்கு 'நிலநீட்சி', தேவைப்படும் இடத்தில் 'கடலடி நிலநீட்சி'. உரிமை எங்கிருந்து வருகிறது என்பதை இது சொல்லிவிடுகிறது. நிலம் நம்முடையது, அது கடலுக்கடியில் நீள்கிறது, ஆகவே அந்த நீட்சியும் நம்முடையது. 77ஆம் உறுப்புரையும் இதற்கு இசைவானது. இந்த உரிமைக்குக் கைப்பற்றலோ பிரகடனமோ தேவையில்லை என்கிறது அது. புவியியலின் கண்டமேடை தன் பழைய இடத்திலேயே இருக்கட்டும்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

மட்டக்களப்பிலிருந்து, ஆய்வு மாணவி

கல்முனையிலிருந்து, ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்:

அன்பு மகளுக்கு,

மேடையை எங்களுக்கு விட்டுவைத்ததற்கு நன்றி. வகுப்பில் அதைத் திண்ணை என்றும் சாய்வைத் திண்ணையின் கீழ்ப்படி என்றும் சொல்லித்தான் இவ்வளவு காலமும் படிப்பித்தேன். சட்டத்தார் எழுச்சி வரை போய் அதையும் மேடை என்பது எனக்கும் உவப்பானதன்று.

ஆனால் வெறும் 'நிலநீட்சி' ஆகாது. அந்தச் சொல்லைக் கேட்கும் மாணவன் சங்கமன்கண்டி முனையை நினைப்பான். கடலுக்குள் நீண்ட தரை என்றால் அவனுக்கு முனை, மூக்கு, குடாநாடு. ஆகவே 'கடலடி' என்பது தேவைப்படும் இடத்தில் மட்டும் சேர்க்கும் அடைமொழியாக இருக்கக் கூடாது, சொல்லின் உறுப்பாகவே இருக்க வேண்டும். உங்கள் படகோட்டியின் கேள்விக்கும் விடை அந்தக் 'கடலடி'யில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் நீரும் நமதென்று நினைக்க இடமுண்டு.

இன்னொன்று. 200 மைலுக்கு அப்பாலுள்ள பகுதியை ஆங்கிலத்தில் 'நீட்டிக்கப்பட்ட' என்று சேர்த்துச் சொல்கிறார்கள். அதைத் தமிழில் 'நீட்டிக்கப்பட்ட நீட்சி' என்பீர்களோ? காது பொறுக்காது.

சொல்லாக்கம் பெரிய இடத்தார் வேலை என்று இங்கு முன்பு ஒருவர் எழுதியிருந்தார். 1930களில் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் நம் காரைதீவில் பிறந்தவர். தயங்காமல் செய்யுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து, சட்டத்தரணி:

தங்கைக்கு வணக்கம். 'நீட்சி' என்பதில் எனக்கு ஐயமுண்டு. லிபியா-மால்டா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 1985இல் சொன்னதை நீங்கள் அறிவீர்கள். 200 மைலுக்குள் தூரம் ஒன்றே போதும், தரையின் அமைப்பு எப்படியிருந்தாலும் கவலையில்லை. தரை உண்மையில் நீளாத இடத்திலும் உரிமை உண்டு என்றாகிறது. அப்படியிருக்க நீட்சி என்று பெயரிட்டால், எதிர்த்தரப்பு "நீட்சியைக் காட்டு" என்று கேட்காதா?

மட்டக்களப்பிலிருந்து, ஆய்வு மாணவி:

சேர், 'கடலடி' இனி எந்த இடத்திலும் விடுபடாது. சங்கமன்கண்டி உதாரணம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. கண்டச்சாய்வு, கண்ட எழுச்சி, கண்ட விளிம்பு ஆகியவற்றைப் பாடநூல்களில் உள்ளபடியே எடுத்துக்கொள்கிறேன். அவை சட்டத்திலும் புவியியற் பொருளிலேயே வருகின்றன.

'நீட்டிக்கப்பட்ட' என்ற அடைமொழியைத் தமிழில் ஆக்கவே தேவையில்லை. பார்படோஸ்-ட்ரினிடாட் நடுத்தீர்ப்பு 2006இல் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது: சட்டத்தின் பார்வையில் இந்தப் பரப்பு ஒன்றே, உள் என்றும் வெளி என்றும் இரண்டில்லை. ஆகவே '200 கடல் மைலுக்கு அப்பாலுள்ள கடலடி நிலநீட்சி' என்று எழுதினால் நீளமானாலும் சரியாக இருக்கும்.

அண்ணா, உங்கள் ஐயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஆனால் பங்களாதேஷ்-மியன்மார் வழக்கில் கடல் சட்டத்துக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் 2012இல் எதிர்கொண்டது இதே வாதத்தைத்தான். இரண்டு நாடுகளும் நம் விரிகுடாவைச் சேர்ந்தவை. தரையின் உட்கட்டமைப்பு தொடர்ச்சியாக இருந்தால்தான் இயற்கை நீட்சி என்ற வாதத்தைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. 'இயற்கை நீட்சி' என்பதைத் தனியொரு நிலவியற் சோதனையாகப் பிரித்தெடுக்காமல், 76ஆம் உறுப்புரையின் ஏனைய பந்திகளோடு சேர்த்தே பொருள்கொள்ள வேண்டும் என்றது. எனவே நீட்சி என்பது சட்டமே வரைவிலக்கணம் கொடுத்த சொல்லாகிவிட்டது. "நீட்சியைக் காட்டு" என்று கேட்பவருக்கு உறுப்புரையைக் காட்டலாம். கண்டமேடை என்று எழுதினாலோ, "மேடையைக் காட்டு" என்று கேட்பவரிடம் நம் கிழக்குக் கரையில் காட்டுவதற்கு அதிகம் இல்லை.

சுருக்கத்தின் சொல்லடைவில் இப்படிச் சேர்க்கிறேன்:

கடலடி நிலநீட்சி: கரையோர நாடொன்றின் ஆள்புலக் கடலுக்கு அப்பால், அதன் நிலப்பரப்பின் தொடர்ச்சியாகச் சட்டம் ஏற்கும் கடற்படுக்கையும் கீழ்மண்ணும். மேலுள்ள நீர் இதில் அடங்காது. புவியியலில் வரும் கண்டமேடை இதன் ஒரு பகுதி மட்டுமே.

'கீழ்மண்' என்பதில் யாருக்கேனும் மாற்றுக் கருத்து இருந்தால், சுருக்கம் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.